ஆர்ச்சி வில்லியம்ஸ்

ஆர்ச்சி வில்லியம்ஸ் (முழுப்பெயர்: ஆர்ச்சிபால்ட் பிராங்க்ளின் வில்லியம்ஸ், மே 1, 1915 – ஜூன் 24, 1993) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஓட்ட வீரரும், வான்படை விமானியும், பள்ளி ஆசிரியரும் ஆவார். 1936ஆம் ஆண்டு பெர்லினில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றார். அதே ஆண்டில் இத்தொலைவை 46.1 நொடிகளில் ஓடி உலக சாதனையும் படைத்தார். ஆனால் அவரது ஓட்ட வாழ்க்கை ஏறத்தாழ அந்த ஓராண்டுடன் முடிந்துவிட்டது. இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றிருந்தும், கறுப்பினத்தவர் என்பதால் பொறியாளர் வேலை எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. பின்னர் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, டஸ்கீகியில் கறுப்பின விமானிகளுக்குப் பயிற்றுநராகவும், படையின் வானிலை அலுவலராகவும் பணியாற்றினார். 22 ஆண்டுகள் படைப்பணிக்குப் பின் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வுபெற்றார். அதன் பின்னர் கலிபோர்னியாவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணிதமும் கணினியும் கற்பித்தார். அவர் பணியாற்றிய பள்ளி 2021ஆம் ஆண்டு முதல் அவரது பெயரால் வழங்குகிறது.

இளமையும் கல்வியும்

வில்லியம்ஸ் கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லாந்து நகரில் பிறந்தார். பள்ளிக் காலத்தில் அவர் பெயர் பெற்ற ஓட்ட வீரர் அல்லர். சான் மேட்டியோ இளநிலைக் கல்லூரியில் சேர்ந்து படித்து, அங்கிருந்து பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்திற்கு மாறினார். இயந்திரப் பொறியியலைப் பாடமாக எடுத்துக்கொண்டார். பொறியியல் படிக்க விரும்புவதாகக் கூறியபோது, கறுப்பின இளைஞருக்கு அத்துறையில் எதிர்காலம் இல்லை, வேறு ஏதாவது படிக்கலாமே என்று ஆலோசகர் ஒருவர் அறிவுறுத்தியதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். அவர் துறையை மாற்றிக்கொள்ளவில்லை. அந்த அறிவுரை தீய எண்ணத்துடன் சொல்லப்பட்டதா, நாட்டு நடப்பை அறிந்து சொல்லப்பட்டதா என்பது வேறு. பட்டம் பெற்ற பின் நடந்தவற்றைப் பார்க்கும்போது, அதில் இருந்த கணிப்பு முற்றிலும் தவறானது என்று சொல்ல முடியாது.

பெர்க்லியில் அவருக்குப் பயிற்சியளித்தவர் புரூட்டஸ் ஹாமில்டன். இவர் 1920ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் டெக்காத்லான் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். 1935இல் 400 மீட்டரை 49 நொடிகளுக்கும் மேலான நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த வில்லியம்ஸ், ஹாமில்டனின் பயிற்சியில் அடுத்த பருவத்திலேயே மூன்று நொடிகளுக்கும் மேல் குறைத்தார். 400 மீட்டர் ஓட்டத்தில் மூன்று நொடிகள் என்பது ஏறத்தாழ 25 மீட்டர் இடைவெளி. ஓராண்டில் இவ்வளவு முன்னேற்றம் உயர்நிலைப் போட்டிகளில் மிகவும் அரிது.

1936ஆம் ஆண்டு

1936ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் சிகாகோவில் நடந்த கல்லூரிகளுக்கு இடையேயான தேசியப் போட்டியில் வில்லியம்ஸ் 46.1 நொடிகளில் ஓடினார். பில் கார் 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஏற்படுத்திய 46.2 நொடி சாதனை இதனால் முறியடிக்கப்பட்டது. தொடர்ந்து நடந்த தேர்வுப் போட்டியிலும் வென்று ஐக்கிய அமெரிக்க அணியில் இடம்பெற்றார். அப்போது அவருக்கு வயது 21.

பெர்லின் சென்ற ஐக்கிய அமெரிக்கத் தடகள அணியில் வில்லியம்ஸ் உள்ளிட்ட கறுப்பின வீரர்கள் கணிசமாக இருந்தனர். எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து அந்நாட்டுக் குழுவில் இருந்த 18 கறுப்பினத்தவர் மொத்தம் 14 பதக்கங்களைப் பெற்றனர். நான்கு தங்கம் வென்ற ஜெசி ஓவன்ஸ் இன்றும் எல்லோராலும் அறியப்படுகிறார். மற்றவர்களின் பெயர்கள் அவ்வளவாக நினைவில் இல்லை. இந்திய வாசகர்களுக்கு அந்த ஒலிம்பிக், தியான் சந்த் தலைமையிலான ஹாக்கி அணி இறுதிப் போட்டியில் ஜெர்மனியை 8–1 என்ற கணக்கில் வென்றதால் அறிமுகமானது.

இறுதி ஓட்டம்

400 மீட்டர் இறுதி ஓட்டம் ஆகஸ்டு 7ஆம் நாள் நடந்தது. வில்லியம்ஸ் கடைசி நேராடு பாதைக்குள் முன்னணியில் நுழைந்தார். பிரித்தானியாவின் காட்ஃபிரே பிரவுன் பின்னாலிருந்து விரைந்து வந்து இடைவெளியை மிகவும் குறைத்தார். ஆனால் முந்துவதற்குள் எல்லைக்கோடு வந்துவிட்டது. அறிவிக்கப்பட்ட நேரங்கள்: வில்லியம்ஸ் 46.5, பிரவுன் 46.7. மற்றோர் அமெரிக்கக் கறுப்பின வீரரான ஜேம்ஸ் லூவால் 46.8 நொடிகளில் மூன்றாவதாக வந்தார்.

அந்தக் காலத்தில் நேரம் நிறுத்துக்கடிகாரம் கொண்டு கையால் கணிக்கப்பட்டது. பத்தில் ஒரு நொடிக்குக் குறைவான அளவை அதில் காண இயலாது. பெர்லினில் எல்லைக்கோட்டில் ஒரு படக்கருவியும் வைக்கப்பட்டிருந்தது. அதன்படி வில்லியம்சின் நேரம் 46.66, பிரவுனின் நேரம் 46.68 நொடிகள். அதாவது கடிகாரத்தில் 0.2 நொடியாகத் தெரிந்த வேறுபாடு உண்மையில் 0.02 நொடியே. தொலைவில் சொன்னால் சுமார் 17 சென்டிமீட்டர்.

வெள்ளி வென்ற காட்ஃபிரே பிரவுன் இந்தியாவில், வங்காளத்தின் பாங்குராவில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

தொடர் ஓட்டத்தில் இடம்பெறாமை

இரண்டு நாட்கள் கழித்து 4×400 மீட்டர் தொடர் ஓட்டம் நடந்தது. தனியோட்டத்தில் தங்கமும் வெண்கலமும் வென்ற வில்லியம்ஸ், லூவால் இருவரும் ஐக்கிய அமெரிக்கத் தொடர் ஓட்ட அணியில் சேர்க்கப்படவில்லை. வேறு நால்வர் ஓடினர். பிரவுன், பில் ராபர்ட்ஸ், காட்ஃபிரே ராம்ப்ளிங், பிரெடரிக் உல்ஃப் ஆகியோர் அடங்கிய பிரித்தானிய அணி 3 நிமிடம் 9.0 நொடிகளில் தங்கம் வென்றது. ஐக்கிய அமெரிக்கா இரண்டு நொடிகள் பின்தங்கி வெள்ளி பெற்றது. தனியோட்டத்தில் ஓடாதவர்களுக்கும் வாய்ப்புக் கிடைக்கட்டும் என்பது அக்கால அமெரிக்க அணிகளில் இருந்த வழக்கந்தான். இருப்பினும் அதே அணி 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. யூதர்களான மார்ட்டி கிளிக்மன், சாம் ஸ்டோலர் இருவரும் கடைசி நேரத்தில் நீக்கப்பட்டு, ஏற்கெனவே தனியோட்டங்களில் பதக்கம் வென்றிருந்த ஓவன்சும் ரால்ஃப் மெட்காஃபும் சேர்க்கப்பட்டனர். ஒரே வாரத்தில் ஒரே அணி இரண்டு விதமாக நடந்துகொண்டது இன்றுவரை விவாதத்திற்குரியதாக உள்ளது.

ஊர் திரும்பல்

ஒலிம்பிக் முடிந்ததும் அமெரிக்க வீரர்கள் ஐரோப்பிய நகரங்களில் போட்டிகளில் கலந்துகொண்டனர். சுவீடனில் ஓடும்போது வில்லியம்சின் பின்தொடைத் தசை கிழிந்தது. அதன் பின்னர் அவரால் பழைய வேகத்தைப் பெற முடியவில்லை. சிகாகோ சாதனைக்கும் இந்தக் காயத்திற்கும் இடைப்பட்ட காலம் ஒரு சில மாதங்களே. அவரது 46.1 நொடி சாதனையை 1939ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் ருடால்ஃப் ஹார்பிக் 46.0 நொடிகளில் ஓடி முறியடித்தார்.

நாடு திரும்பியதும் நாட்சிகள் எப்படி நடத்தினார்கள் என்றே எல்லோரும் கேட்டனர். தாம் சந்தித்த ஜெர்மானியப் பொதுமக்கள் நன்றாகவே பழகினர் என்றும், அங்கே பேருந்தில் பின்னிருக்கையில் உட்கார வேண்டியிருக்கவில்லை என்றும் வில்லியம்ஸ் விடையளித்தார். இக்கூற்று பின்னர் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டது. இது நாட்சி அரசுக்குத் தரப்பட்ட நற்சான்று அன்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பேருந்து, தொடர்வண்டி, பள்ளி, உணவகம் எனப் பலவற்றிலும் கறுப்பினத்தவரைப் பிரித்துவைக்கும் சட்டங்கள் அப்போது நடைமுறையில் இருந்தன. பெர்லினைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சொந்த நாட்டை நினைவூட்டிய விடையாகவே அதைக் கொள்ள வேண்டும்.

பட்டமும் வேலையும்

வில்லியம்ஸ் படிப்பை முடித்து 1939இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். ஒலிம்பிக் தங்கமும் பெர்க்லி பட்டமும் ஒருசேர வைத்திருந்த ஒருவருக்குப் பொறியாளர் வேலை தர எந்த நிறுவனமும் முன்வரவில்லை. அக்காலத்தில் ஒலிம்பிக் வீரர்கள் தொழில்முறை அல்லாத ஆட்டக்காரர்களாக இருக்க வேண்டும் என்ற விதி கடுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. பரிசுப்பணமோ விளம்பர வருவாயோ கிடையாது. ஆகவே பதக்கத்தைக் கொண்டு பிழைக்க வழியில்லை. பட்டத்தைக் கொண்டும் வழியில்லை என்ற நிலையில், ஓக்லாந்து விமான நிலையத்தில் விமானங்களுக்கு எரிபொருள் நிரப்புவது, பழுதுபார்க்க உதவுவது போன்ற வேலைகளைச் செய்தார்.

இந்த வேலையே அவரது வாழ்க்கையைத் திருப்பியது. விமான நிலையத்தில் இருந்தபடியே அவர் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். படிப்படியாக வணிக விமானி உரிமத்தையும் பயிற்றுநருக்கான தகுதியையும் பெற்றார். இயந்திரப் பொறியியல் படித்தவருக்கு விமானத்தின் பொறியும் கட்டுப்பாட்டு அமைப்புகளும் புதியவை அல்ல. வேலை வழங்கும் இடத்தில் பயன்படாத பட்டம், பறக்கக் கற்கும் இடத்தில் பயன்பட்டது எனலாம்.

டஸ்கீகி

1941க்கு முன்பு வரை ஐக்கிய அமெரிக்கத் தரைப்படையின் வான்பிரிவு கறுப்பினத்தவரை விமானிகளாகச் சேர்க்கவில்லை. (வான்படை அந்நாட்டில் தனிப்படையானது 1947இல்தான்.) படைக் கல்லூரி 1925இல் தயாரித்த அறிக்கை ஒன்று, கறுப்பின வீரர்களுக்குத் தலைமைத் திறனும் அறிவுத் திறனும் குறைவு என்று கூறியது. அது வான்பிரிவைப் பற்றிய அறிக்கை மட்டும் அல்ல என்றாலும், இத்தகைய கருத்துகளே கதவடைப்புக்கு நியாயமாகக் காட்டப்பட்டன. கறுப்பின அமைப்புகளும் செய்தித்தாள்களும் தொடர்ந்து போராடியதால், அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் கறுப்பினத்தவருக்கென்று தனியான பயிற்சித் திட்டம் 1941இல் தொடங்கப்பட்டது. பிரித்துவைத்தல் என்ற கொள்கையை அரசு கைவிடவில்லை. அதற்குள்ளேயே ஒரு வழியைத் திறந்துவிட்டது, அவ்வளவே.

இத்திட்டத்தின் தொடக்கநிலைப் பயிற்சி டஸ்கீகி கல்வி நிலையம் நடத்திய மோட்டன் விமானத் திடலில் நடந்தது. அங்கே கற்பித்தவர்கள் பெரும்பாலும் படையைச் சேராத கறுப்பினப் பயிற்றுநர்கள். அவர்களின் தலைவர் சார்லஸ் ஆல்ஃபிரட் ஆண்டர்சன். அதிபர் ரூசவெல்ட்டின் மனைவி எலினோர் 1941 மார்ச்சில் டஸ்கீகிக்கு வந்தபோது, உடன்வந்தோர் தயங்கியும் இவரது விமானத்தில் ஏறிப் பறந்தார். கறுப்பினத்தவரால் விமானம் ஓட்ட முடியுமா என்ற ஐயத்திற்கு அந்நிகழ்வின் நிழற்படம் நாடெங்கும் விடை சொன்னது.

இப்பயிற்றுநர் குழுவில்தான் வில்லியம்ஸ் சேர்ந்தார். விமானம் ஓட்டத் தெரிந்து, கற்பிக்கும் உரிமமும் பெற்ற கறுப்பினத்தவர் நாடு முழுவதிலும் மிகச் சிலரே இருந்த காலம் அது. கலிபோர்னியாவில் பிறந்து வளர்ந்த அவருக்கு அலபாமாவின் சட்டங்கள் புதியவை. விமானத்தில் மாணவனுக்கு ஆசிரியராக இருப்பவர், திடலுக்கு வெளியே ஊருக்குள் சென்றால் தனி வாசலையும் தனி இருக்கையையும் தேட வேண்டியிருந்தது.

தொடக்கநிலைப் பயிற்சி இரண்டு இருக்கைகள் கொண்ட திறந்த இருதள விமானங்களில் நடந்தது. மேலேற்றம், இறக்கம், திருப்பம், வேகமிழந்து சரியும் விமானத்தை மீட்டெடுத்தல் ஆகியவை இந்நிலையில் கற்பிக்கப்பட்டன. இதில் தேறாதவர்கள் வெளியேற்றப்பட்டனர். ஆகவே ஒரு மாணவன் விமானி ஆவானா இல்லையா என்பது பெரும்பாலும் இப்பயிற்றுநர்களின் கையில் இருந்தது. டஸ்கீகியில் பயிற்சி முடித்த விமானிகள் ஏறத்தாழ ஆயிரம் பேர். அவர்களில் பலர் வட ஆபிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்டனர். அவர்களைப் பற்றிய நூல்களும் திரைப்படங்களும் போர் விமானிகளையே முன்னிறுத்துகின்றன. பயிற்றுநர்கள், பழுதுபார்ப்போர், வானிலையாளர் ஆகியோர் அவற்றில் குறைவாகவே இடம்பெறுகின்றனர்.

வானிலை அலுவலர்

போர் நடந்துகொண்டிருந்தபோது வில்லியம்ஸ் படையில் சேர்ந்தார். லாஸ் ஏஞ்சலசில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வானிலையியல் படிப்பதற்கு அனுப்பப்பட்டு, 1943இல் அதை முடித்து அலுவலரானார். நார்வே நாட்டு அறிவியலாளர் ஜேக்கப் பியர்க்னெஸ் அங்கு வானிலையியல் துறையை உருவாக்கியிருந்தார். வெப்பக் காற்றும் குளிர்ந்த காற்றும் மோதும் எல்லைகளைக் கொண்டு வானிலையை விளக்கும் முறையை வளர்த்தவர்களுள் அவர் ஒருவர். போர்க்காலத்தில் அமெரிக்கப் படை ஆயிரக்கணக்கான வானிலை அலுவலர்களைப் பயிற்றுவித்தது. அவர்களுள் கறுப்பினத்தவர் 14 பேர் மட்டுமே. வில்லியம்ஸ் அவர்களுள் ஒருவர்.

படித்து முடித்ததும் டஸ்கீகிக்கே திரும்பினார். அங்கிருந்த வானிலைப் பிரிவு, படையின் முதல் கறுப்பின வானிலை அலுவலரான வாலஸ் ரீடின் பொறுப்பில் இருந்தது. தொலைதட்டச்சு வழியாக வரும் நோக்குகளை எழுதி, அழுத்தக்கோடுகளை வரைந்து, மேக அடியின் உயரம், பார்வைத் தொலைவு, காற்றின் திசை முதலியவற்றை விமானம் கிளம்புமுன் விமானிகளுக்குச் சொல்வது இப்பிரிவின் வேலை. ரேடாரும் செயற்கைக்கோளும் வானிலைக்குப் பயன்படாத காலம். பயிற்சி நிலையில் உள்ள ஒருவன் திடீரென மேகத்திற்குள் சிக்கினால் திசையும் மேல்கீழும் தெரியாமல் விழுந்துவிடக்கூடும். எனவே வரைபடத்தில் ஒரு கோடு தவறினால் அதன் விலை அதிகம்.

வில்லியம்ஸ் வரைபடம் வரைவதோடு நிற்கவில்லை. மாணவர்களுக்குப் பறக்கக் கற்பிப்பதையும் தொடர்ந்தார். வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தைச் செலுத்தும் முறையையும் கற்றுக்கொடுத்தார். மேகத்தைப் பற்றி முன்கூட்டியே எச்சரிப்பவரும், மேகத்திற்குள் எப்படிப் பறப்பது என்று காட்டுபவரும் ஒருவரே என்ற நிலை மற்றத் தளங்களில் அரிது. தனித்துவைக்கப்பட்ட தளம் என்பதால் ஆட்கள் குறைவு. ஒருவரே பல வேலைகளைச் செய்ய வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் உள்ள வான்படை நிருவாகக் கல்லூரி, இந்திய வான்படையின் வானிலைப் பிரிவு அலுவலர்கள் பயிற்சி பெறும் இடங்களுள் ஒன்று. ரெட்ஃபீல்ட்ஸ் பகுதியில் அதன் மதிற்சுவரைக் கடந்துசெல்வோர் அதைப் பொதுவாக அலுவலகப் பணிக்கான கல்லூரி என்றே எண்ணுகின்றனர். விமானம் ஓட்டாத இத்தகைய பிரிவுகள் எந்த நாட்டு வான்படையிலும் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

போருக்குப் பின்

போர் முடிந்த பின்னும் வில்லியம்ஸ் படையிலேயே தொடர்ந்தார். அதிபர் ட்ரூமன் 1948 ஜூலை 26 அன்று பிறப்பித்த 9981ஆம் எண் ஆணை, படைகளில் இன அடிப்படையில் பிரித்துவைப்பதை முடிவுக்குக் கொண்டுவந்தது. வான்படை அதை மற்றப் படைகளைவிட விரைவாக நடைமுறைப்படுத்தியது. அதன் பின்னர் டஸ்கீகி போன்ற தனி அமைப்புகள் தேவைப்படவில்லை. ஓகையோ மாநிலத்தில் உள்ள வான்படைத் தொழில்நுட்பக் கழகத்தில் வில்லியம்ஸ் வானூர்திப் பொறியியலும் பயின்றார். தனியார் நிறுவனங்கள் மறுத்த பொறியாளர் தகுதிக்கு இவ்வாறு படையே மீண்டும் இடமளித்தது. கொரியப் போர்க் காலத்திலும் அவர் பணியில் இருந்தார். விமானிகளுக்கு நீண்ட அனுபவத்தின் பேரில் வழங்கப்படும் உயர்தரமான கமாண்ட் பைலட் தகுதியையும் பெற்றார். 1964இல், 49ஆம் வயதில், லெப்டினன்ட் கர்னலாக ஓய்வுபெற்றார்.

ஆசிரியப் பணி

படையில் இருந்து வெளியேறியவர் ரிவர்சைடில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியத் தகுதி பெற்றார். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் மாவட்டத்தில் சான் அன்செல்மோ என்ற சிற்றூரில் இருந்த சர் பிரான்சிஸ் டிரேக் உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராகச் சேர்ந்தார். மாணவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்களாக இருந்த பகுதி அது.

பிற்காலத்தில் அவர் அங்குக் கணினிப் பாடமும் கற்பித்தார். 1970களின் இறுதியில் தனியாள் கணினிகள் பள்ளிகளுக்குள் நுழையத் தொடங்கின. அத்தொழில் வளர்ந்த சிலிக்கான் பள்ளத்தாக்கு அவ்வூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அறுபது வயதைக் கடந்த ஓர் ஆசிரியர், தாம் மாணவராக இருந்தபோது இல்லவே இல்லாத ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டு கற்பித்தது சாதாரணச் செய்தி அன்று. நழுவுகோல் கொண்டு கணக்கிட்டுப் பொறியியல் படித்தவர், நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தார். 1987இல் 72ஆம் வயதில் ஓய்வுபெற்றார். ஓட்டப்பாதையில் இருந்ததைவிடப் பல மடங்கு, வான்படையில் இருந்ததற்கு இணையான காலத்தை வகுப்பறையில் கழித்துள்ளார்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பான்கிராஃப்ட் நூலகம் 1992இல் அவரது வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்தது. 'பறத்தலின் இன்பம்' என்ற பொருள்தரும் தலைப்பில் அது வெளியிடப்பட்டது. தலைப்பில் முதலில் வருவது ஓட்டம் அன்று, பறத்தல் என்பது கவனிக்கத்தக்கது. அவரது வாழ்க்கையைப் பற்றி இன்று தெரிந்துள்ள செய்திகளில் பெரும்பகுதி இப்பதிவின் வழியே கிடைத்தவை. 1993ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று, சான் அன்செல்மோவுக்கு அருகிலுள்ள ஃபேர்ஃபாக்ஸ் ஊரில் அவர் காலமானார்.

டஸ்கீகி விமானிகளுக்கு ஐக்கிய அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் 2007 மார்ச் 29 அன்று கூட்டாக வழங்கப்பட்டது. அப்போது வில்லியம்ஸ் இறந்து ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.

உடன் ஓடியவர்கள்

வில்லியம்சின் வாழ்க்கையை, அவரோடு பெர்லினுக்குச் சென்றவர்களின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்ப்பது பொருத்தமானது. ஓவன்ஸ் பணத்திற்காகக் குதிரைகளுடன் போட்டியிட்டு ஓடினார். 200 மீட்டரில் ஓவன்சுக்கு அடுத்து வெள்ளி வென்ற மேக் ராபின்சன் (அடிப்பந்தாட்டத்தில் புகழ்பெற்ற ஜாக்கி ராபின்சனின் அண்ணன்) பாசடீனா நகரில் தெருக் கூட்டும் வேலையில் இருந்தார். வெண்கலம் வென்ற லூவால், கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் லைனஸ் பாலிங்கிடம் பயின்று வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். ரால்ஃப் மெட்காஃப் பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

போர் சிலரைக் கொண்டுசென்றது. கிளிக்மன், ஸ்டோலர் விலக்கப்பட்ட அந்த 4×100 மீட்டர் அணியில் ஓடித் தங்கம் வென்ற ஃபோய் டிரேப்பர், குண்டுவீச்சு விமானியாகத் துனீசியாவில் பணியாற்றி, 1943 ஜனவரியில் சென்ற பறப்பிலிருந்து திரும்பவில்லை. வில்லியம்சின் சாதனையை முறியடித்த ஹார்பிக் 1944இல் கிழக்குப் போர்முனையில் இறந்தார்.

வில்லியம்சுக்குப் பின் 400 மீட்டர் ஒலிம்பிக் தங்கம் வென்றவரும் ஒரு விமானியே. போரினால் 1940, 1944 போட்டிகள் நடக்கவில்லை. 1948இல் லண்டனில் வென்ற ஜமேக்காவின் ஆர்தர் விண்ட், போர்க்காலத்தில் பிரித்தானிய வான்படையில் விமானியாக இருந்தவர். பின்னர் மருத்துவரானார். அதே லண்டன் ஒலிம்பிக்கில் மும்முறைத் தாண்டுதலில் இந்தியாவின் பெரும் நம்பிக்கையாக இருந்த ஹென்றி ரெபெல்லோ, இறுதிப் போட்டியில் பின்தொடைத் தசை காயமடைந்து வெளியேறினார். அவரும் பின்னாளில் இந்திய வான்படையில் சேர்ந்து குரூப் கேப்டனாக உயர்ந்தார்.

பள்ளியின் பெயர்

2020ஆம் ஆண்டு கோடையில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதை அடுத்து எழுந்த போராட்டங்களின்போது, டிரேக் பள்ளியின் பெயரை மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கடலோடியான சர் பிரான்சிஸ் டிரேக், இளமையில் ஜான் ஹாக்கின்சுடன் ஆபிரிக்கர்களைப் பிடித்து விற்ற கடற்பயணங்களில் பங்கேற்றவர். மாவட்டத்தில் இருந்த டிரேக்கின் சிலை ஒன்றும் அவ்வாண்டில் அகற்றப்பட்டது. முன்னாள் மாணவர்களில் ஒரு பகுதியினர் பெயர் மாற்றத்தை எதிர்த்தனர். புதிய பெயர் முடிவாகும் வரை, கதவெண்ணைக் கொண்டு '1327ஆம் எண் உயர்நிலைப் பள்ளி' என்ற பெயர் சில காலம் புழங்கியது.

2021 மே மாதம் பள்ளி வாரியம் 'ஆர்ச்சி வில்லியம்ஸ் உயர்நிலைப் பள்ளி' என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. அங்குப் பாடம் நடத்திய ஒருவரின் பெயர் என்பது பலருக்கும் ஏற்புடையதாக இருந்தது. பள்ளி அமைந்துள்ள பெருஞ்சாலையின் பெயர் அப்போது மாற்றப்படவில்லை. ஆகவே புதிய பெயர் தாங்கிய பள்ளியின் முகவரியில் சர் பிரான்சிஸ் டிரேக் பெருஞ்சாலை, எண் 1327 என்றே தொடர்ந்து எழுதப்பட்டது.